வக்கீலுக்கு இறகு கொட்டுகிறது

– முதல்ல பையைக் கீழ வை. ஒன்பது மணி நேரம் பஸ்ல வந்திருக்க. காலை நீட்டி உக்காரு.

– பை கிடக்கட்டும். கூண்டை இப்படித் திருப்புங்க... அடப்பாவி, என்ன கோலம் இது. கிளின்னா பச்சையா இருக்கணும். வக்கீலு, உன் கோட்டு எங்கடா?

– நான்தான் போன்ல சொன்னேனே.

– "மொட்டையாயிட்டான், சோறு தண்ணி இல்ல, இன்னிக்கோ நாளைக்கோன்னு கிடக்கிறான்"னு சொன்னீங்க.

– இன்னிக்கோ நாளைக்கோன்னு வேற சொன்னேனா?

– சொன்னீங்க. பேரப்புள்ளையை மூத்த பொண்ணு மடியில போட்டுட்டு ஓடி வந்திருக்கேன்.

– இப்ப அவளுக்கு ஒத்தாசைக்கு யாரு?

– சம்பந்தியம்மா வந்திருக்காங்க. நாலு நாளைக்குச் சமாளிக்கறேன்னாங்க. ஞாயித்துக்கிழமை நான் கிளம்பணும்.

– ஞாயித்துக்கிழமையா... இன்னிக்கே வியாழன் ஆயிடுச்சே.

– ஆமா. அவ வேலைக்குத் திரும்பற வரைக்கும் நான் அங்கதான். இன்னும் ஆறு மாசம்.

– ஆறு மாசம்... அப்போ வக்கீல் கதி?

– அதைப் பாக்கத்தானே வந்தேன். டேய், இறக்கையை விரி... ம். இந்தப் பக்கம் மூணாவது இறகு இல்ல. அந்தப் பக்கமும் மூணாவதுதான் இல்ல.

– அதனால என்ன?

– சீக்கு வந்த கிளிக்கு கண்ட இடத்துல கொட்டும். இவன் ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா உதிர்த்திருக்கான்.

– வக்கீலாச்சே. ரெண்டு பக்கத்து நியாயத்தையும் பாப்பான்.

– சிரிக்க வைக்காதீங்க. கழுத்துல பாருங்க, முள்ளு முள்ளா. புது இறகு குருத்து விடுது.

– ஓ... குருத்தா? நான் சொறின்னு நெனச்சேன்.

– ஏழு வருஷமா கிளி இருக்கற வீட்டுல இருக்கீங்க. வருஷா வருஷம் கொட்டி மொளைக்கறதைப் பாத்ததே இல்லையா?

– உன் கிளி. நான் என்னத்தைக் கண்டேன்.

– நெஞ்செலும்பு கையில தட்டுப்படவே இல்ல. சோறு தண்ணி இல்லாதவனுக்கு ஏது இந்தத் தொப்பை?

– அது... துக்கத்துல சில பேர் ஊதுவாங்க.

– ஓஹோ.

– நெஜமாதான். உன்னைத் தேடி வாசலையே பாத்துட்டு இருப்பான்.

– வாசல் அந்தப் பக்கம். அவன் முகம் உங்க பக்கம். நான் வந்து கால் மணி நேரமாச்சு, ஒரு தடவை என்னைத் திரும்பிப் பாத்தானா?

– கோவமா இருப்பான்.

– சரி, தலையைக் காட்டுடா... ஏங்க.

– ம்?

– உடம்புல குருத்து மேல இருக்கற வெள்ளை உறையை அவனே அலகால கோதி உரிச்சுக்குவான். தலைக்கு அலகு எட்டாது. ஜோடி இருந்தா அது கோதி விடும். இல்லன்னா மனுசன் கை வேணும். இங்க தலையில இருக்கற குருத்தெல்லாம் பதமா உரிச்சிருக்கு. யாரு செஞ்சது?

– கம்பியில தேச்சுக்கிட்டானோ என்னவோ.

– கையைக் காட்டுங்க.

– எதுக்கு?

– காட்டுங்கன்னா... நகக்கண்ணுல வெள்ளைத் தூள். கம்பியில தேச்சுக்கிட்டானாம்.

– காலையில பள்ளிக்கூடப் பசங்களை இறக்கி விட்டு வேனை நிறுத்தினா, ரெண்டு மணி ட்ரிப் வரைக்கும் எனக்கு என்ன வேலை? அவன் தலையைக் குனிஞ்சு குடுப்பான். நான் ஒண்ணொண்ணா நசுக்கி விடுவேன். வலிச்சா ஒரு கடி. அப்புறம் தோள்ல ஏறி என் மீசையைக் கோதி விடுவான்.

– மீசையவா?

– பதிலுக்குப் பதில்.

– ஏழு வருஷமா "அந்தச் சனியனை அந்தாண்ட கொண்டு போ"ன்னு சொன்ன மனுசன் இவரு.

– அதை எதுக்கு இப்ப...

– சரி, ஒண்ணுதான் எனக்குப் புரியல. இவன் உதிர்க்கற மாசம் இது இல்லையே. போன தடவை உதிர்த்து முடிச்சு முழுசா அஞ்சு மாசம் ஆகல. டாக்டர்கிட்ட காட்டலையா?

– டாக்டரா... காட்டாம என்ன. காட்டினேன்.

– எப்போ?

– போன வாரம்.

– என்ன கிழமை?

– இப்படிக் குறுக்கு விசாரணை பண்ணினா எப்படி? கூண்டுல இருக்கறது வக்கீலா, நீ வக்கீலா?

– கிழமை.

– சனிக்கிழமை.

– எனக்கு போன் பண்ணினது ஞாயித்துக்கிழமை.

– சனிக்கு மறுநாள் ஞாயிறுதானே.

– டாக்டர் என்ன சொன்னார்?

– கிளிக்கு வெளிச்சம் எவ்வளவு நேரம் இருக்குன்னு கேட்டார்.

– நான்தான் ஃபிரிட்ஜ் மேல எழுதி ஒட்டிட்டுப் போனேனே. காலையில இளவெயில், கூண்டுல பாதி நிழல் இருக்கணும். பொழுது சாஞ்சதும் துணி போட்டு மூடணும்.

– வெயில் எல்லாம் ஒழுங்கா காட்டினேன், சத்தியமா. பால்கனியில நானும் கூடவே உக்காந்திருப்பேன். தண்ணி தெளிச்சா சிலுப்பிக்குவான்... பொழுது சாஞ்சதுக்கு அப்புறம்தான்...

– அப்புறம்தான்?

– ட்யூப்லைட்டை அணைக்கல.

– எத்தனை மணி வரைக்கும்?

– விடியற வரைக்கும்.

– நான் போனதுல இருந்து, மூணு மாசமாவா?

– டாக்டரும் இப்படித்தான் கண்ணை உருட்டினார். பகலே முடியாம இருந்தா கிளிக்கு என்ன மாசம்னு எப்படித் தெரியும், உடம்பு குழம்பி வேளை கெட்ட வேளையில உதிர்க்குது, லைட்டை அணைங்க, தானா சரியாயிடும்னார். வேற ஒரு குறையும் இல்லையாம்.

– அது சரி. கிளியைத் தூங்க விடாம எதுக்கு லைட்டு?

– இருட்டுன்னா பயப்படுவானேன்னு...

– யாரு, வக்கீலா?

– நான்தான். லைட்டை அணைச்சா வீடு ஓன்னு இருக்கு. இத்தனை வருஷத்துல நாம சேர்ந்தாப்புல மூணு நாள் பிரிஞ்சு இருந்ததில்ல. கையைப் போட்டா தலகாணிதான் இருக்கு. கூண்டுப் பக்கத்துல பாயைப் போட்டுக்கிட்டேன். லைட்டு எரிஞ்சா, நீ இன்னும் அடுப்படியில ஏதோ வேலையா இருக்கேன்னு நெனச்சுக்கலாம்.

– அதை போன்ல சொல்ல வேண்டியதுதானே.

– என்னன்னு சொல்ல? பேரன் எடுத்தவனுக்கு பொண்டாட்டி இல்லாம தூக்கம் வரலைன்னா? மூத்தவ ஸ்பீக்கர்ல வேற போட்டிருப்பா. கிளிக்கு முடியலைன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க.

– இப்ப லைட்டு?

– டாக்டர் சொன்னதுல இருந்து அணைச்சுட்டேன். அஞ்சு நாளாச்சு.

– தூங்கறீங்களா?

– அவன் தூங்கறான்.

– அப்போ நீங்கதான் தூங்கல.

– கோவமா? பச்சப்புள்ளைகிட்ட இருந்து உன்னைப் பிரிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன். தப்புதான். நான் சமாளிச்சுக்கறேன், நீ போ. ஞாயித்துக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு? வேன்லயே கொண்டு வந்து ஏத்தி விடறேன்.

– டிக்கெட் எடுத்திருந்தாத்தானே மணி தெரியும்? நாலு நாள், ஞாயித்துக்கிழமைன்னதெல்லாம் உங்க வாயால உண்மை வரட்டும்னுதான். திங்கக்கிழமையே டாக்டருக்கு போன் போட்டேன். "கிளி கொழுகொழுன்னு இருக்கும்மா, தூக்கிட்டு வந்தவர்தான் பாதியா இளைச்சிருக்கார்"னார். சம்பந்தியம்மா ஆறு மாசமும் நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்கன்னுட்டாங்க... எனக்கும் அங்க விடிய விடிய லைட்டைப் போட்டுக்கணும்னுதான் இருந்துச்சு. குழந்தை முழிச்சுக்கும்னு இருட்டுலயே கிடந்தேன்.