உதட்டுத் தையல்

வெள்ளிக்கிழமை மல்லேஸ்வரம் கோயிலுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் வெள்ளைக் கோட்டை மடியில் மடித்து வைத்தபடி டாக்டருக்குப் படிக்கும் இரண்டு பெண்கள்.

"அந்த உதட்டை நான்தான்டி தைச்சிருக்கணும்" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

முருகா, யார் உதட்டை என்று எனக்குத் திக்கென்றது.

"நான் எங்கடி தைச்சேன்? பிளாஸ்டிக் சர்ஜரி சார் தைச்சாரு. நான் நூலை வெட்டினேன், அவ்வளவுதான்" என்றாள் மற்றவள்.

"அதையாவது என்னை வெட்டவிட்டாரா? கிளாஸ்ல வாழைப்பழத் தோலைத் தைக்கச் சொன்னப்போ என்னோடதைத்தானே எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாரு? ஆபரேஷனுக்கு மட்டும் நீயா?"

"பக்கத்துல நின்னேன், கூப்பிட்டாரு."

"கண் டாக்டராகப் போறவளுக்கு அது எதுக்கு?"

உதடு பிளந்து பிறந்த குழந்தையாம். அந்தப் பிள்ளைக்காக மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"குழந்தையோட அம்மா என்ன சொன்னாங்க?"

"முத்தம் கொடுக்கலாமா டாக்டரம்மான்னு கேட்டாங்க."

"டாக்டரம்மாவா? உன்னையா?"

ஜன்னலோரத்துப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சும்னே மூஞ்சியைத் தூக்கிக்காதே" என்று சும்மாவைக் கன்னடத்தில் சொன்னாள் மற்றவள். "நாளைக்கு இன்னொரு குழந்தைக்கு ஆபரேஷன். சார்கிட்ட உன் பேரைச் சொல்லிட்டேன்."

"உன்னை யாரு சொல்லச் சொன்னா? நீ விட்டுக்கொடுத்து எனக்கு ஒண்ணும் வேணாம்."

"சரி, நானே போறேன்."

ஸ்டாப் வந்ததும் ஜன்னலோரத்துப் பெண் விருட்டென்று எழுந்து இறங்கிப் போனாள். பஸ் நகரத் தொடங்கும்போது ஓடி வந்து ஜன்னலைத் தட்டினாள்.

"எத்தனை மணிக்குடி?"