பாத்தாச்சு

ஐயா, போர்வீரன் வேடம் எடுக்க மூளை வேண்டியதில்லை. ஞாயிறு மதியம் எங்கள் சாப்பாட்டு மேசையில் பகடை உருட்டி ஆடுவோம். எதிர்வீட்டுத் தையற்காரர் குகையும் பூதமுமாகக் கதை நடத்துவார். நாங்கள் ஆளுக்கொரு வேடம். தங்கை வைத்தியச்சி, அவள் புருஷன் போர்வீரன், நான் திருடன். திருடனுக்கு வேலை திருட்டல்ல, பொறி தேடுவது. கதவைத் தடவிப் பார்த்து நான் "பாத்தாச்சு" என்றால் போர்வீரன் உதைத்துத் திறப்பான். அதுதான் எங்கள் வியூகம்.

மாப்பிள்ளை ஆறு வருஷமாக அதே போர்வீரன். கிடைக்கிற புள்ளியையெல்லாம் புஜபலத்தில் கொட்டுவார். அறிவுக்கு மூன்று. வேடத்துக்குத்தான் மூன்று என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

போன மாதம் என் திருடன் மேல் விஷ அம்பு பாய்ந்தது. தங்கையிடம் மிச்சம் ஒரே ஒரு மருந்து. மாப்பிள்ளைக்கு வெறும் சிராய்ப்பு. "இவரு முன்னால நிக்கணுமேண்ணா" என்று அவருக்கே கொடுத்தாள்.

மாப்பிள்ளை சிரித்தார். "விடுங்க மச்சான், திருடன் போனா இன்னொரு திருடன்."

வியூகப்படி அது தவறு. எடுத்துச் சொன்னேன். தையற்காரர்கூடக் காதில் வாங்கவில்லை.

எனக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை ஒரே சாயத் தொழிற்சாலையில். கழிவுத் தொட்டிக்குள் இறங்கி வண்டலைச் சுரண்டுவது அவர். முதலில் உள்ளே விஷவாயு உண்டா என்று காற்றைச் சோதித்துச் சீட்டு எழுதுவது நான். சீட்டைப் படித்துவிட்டு அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாளும் படித்ததில்லை. மேசைப் பழக்கம் அங்கேயும் தொற்றிக்கொண்டது. "பாத்தாச்சா மச்சான்?" என்பார். "பாத்தாச்சு" என்பேன். இறங்கிவிடுவார்.

செவ்வாய் காலை கருவியைக் கயிற்றில் இறக்கினேன். முள் சிவப்பில் நின்றது. அப்படியே எழுதினேன். சீட்டு உங்கள் கோப்பில் இருக்கிறது. ஓர் அடித்தல் திருத்தல் இராது. அவர் வழக்கம்போலக் கேட்டார். நானும் வழக்கம்போலச் சொல்லிச் சீட்டை நீட்டினேன்.

"இத வேற படிக்கணுமாக்கும்" என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டு, பாடிக்கொண்டே இறங்கினார். ஏழாவது படியில் பாட்டு நின்றது. அபாய மணி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பத்து நிமிடம் பொறுத்து அடித்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "உள்ள என்ன இருக்குன்னு பாக்காமலாண்ணா அவர இறக்குன?"

அபாண்டம், ஐயா. வேலையில் நான் அப்படிப்பட்டவன் இல்லை.

"நல்லாப் பாத்துட்டுத்தாம்மா இறக்கினேன்" என்றேன்.