கூழில் கரைத்த மாத்திரை

அரசுக்கண்ணு, உன் அம்மா மேடை ஏறிவிட்டேன். பயப்படாதே, அழமாட்டேன்.

தலைமை தாங்கும் பங்குச்சாமியார் அவர்களே, அந்தோணியார் திருவிழாவுக்குக் கொடியேற்றி வைத்த பெரியவர்களே, சங்கராபுரத்திலிருந்தும் தியாகதுருகத்திலிருந்தும் பஸ் ஏறி வந்த பக்தர்களே, பிள்ளையைப் பெற்று, அந்தப் பிள்ளைக்காகவே பட்டினி கிடக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் தோத்திரம்!

நான் சாலம்மாள். ஐந்தாவது வரைதான் படித்தேன். உபதேசியார் எழுதித் தந்த தாளை மடித்து இடுப்பில் செருகிவிட்டேன். அதில் இருப்பது என் மகன் கதை இல்லை.

அதோ, பந்தல் வாசலில் ஃபிளக்ஸ். அதில் சிரிப்பவன் என் மகன் கலையரசன், என் அரசு. 'பதின்மூன்று செவ்வாய், பறந்தது வலிப்பு' என்று போட்டிருக்கிறது. போன வருடம் இதே மைக்கில் அவனே சாட்சி சொன்னான். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிய என் கைக்கு மட்டும் உண்மை தெரியும்.

நாலு தலைமுறையாக நாங்கள் அந்தோணியார் குடும்பம். கொடிமரத்தடியில் உப்பும் மிளகும் கொட்டாமல் எங்கள் வீட்டில் ஒரு காரியமும் நடக்காது. வலிப்பு தீர, பதின்மூன்று செவ்வாய் கோயில் எண்ணெய் பூசுவதாக நேர்ச்சை வைத்த அன்றைக்கே என் அரசு, மாத்திரை டப்பாவை அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டான்.

"இனிமே தொட மாட்டேம்மா. மாத்திரையும் போட்டுக்கினு எண்ணெயும் பூசினா, அந்தோணியார நம்பாத மாதிரிதான?"

எனக்குச் சந்தேகம். மந்திரித்த எண்ணெயை முகர்ந்து பார்த்தேன். கடையில் விற்கும் தேங்காயெண்ணெய் வாசனைதான். அவனுக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கினேன். காலையும் மாலையும் பொடித்துக் கேழ்வரகுக் கூழில் கரைத்தேன்.

"இன்னாம்மா, கூழு கசக்குது?"

"மாவு பழசுடா. குடி."

பதின்மூன்று செவ்வாய். ஒரு தடவைகூட விழவில்லை. எண்ணெயா? மாத்திரையா? அவன் மேடையில் அற்புதம் என்றான். கீழே நின்ற நான் வாய் திறந்தேனா? இல்லை. அன்றைக்குத்தான் அவன் நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நின்றான்.

தை மாதம் கல்வராயன் மலைக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போனான். அங்கே கூழ் கரைக்க நான் இல்லை. ஒன்பதாம் நாள் ஓடையில் முகம் கழுவும்போது வலிப்பு வந்து விழுந்தான். முழங்கால் தண்ணீர்தான், தாய்மார்களே. முழங்கால் தண்ணீர்!

யாரது, "சாமி குத்தம் ஆயிடும்க்கா" என்பது? ஆகட்டும். அந்தோணியார் என்னை நேரில் கேட்கட்டும். பொருளாளர் அண்ணா, மைக்கைப் பிடுங்காதீர்கள். முடித்துவிடுகிறேன்.

முன்வரிசையில் சந்தியா இருக்கிறாள். மடியில் மகள். அந்தப் பிள்ளைக்கும் வலிப்பு. காலையில் என்னிடம், "மாத்திரைய நிறுத்திட்டேன்க்கா, உன் புள்ளயப் பாத்துதான்" என்றாள். என் பிள்ளையைப் பார்த்தாளாம்! எதைப் பார்த்தாள்? ஃபிளக்ஸையா, கல்லறையையா?

சந்தியா, எண்ணெய் பூசு, உப்பு கொட்டு, முழங்காலில் நட. நானும் கூட வருகிறேன். ஆனால் மாத்திரையைக் கொடு. மறைத்துக் கொடுக்காதே, சொல்லிக் கொடு. பெரியவர்களே, அந்த ஃபிளக்ஸை அவிழ்த்து என்னிடம் தந்துவிடுங்கள்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் முணுமுணுத்தவர்களுக்கும் நன்றி, தோத்திரம்.

அரசுக்கண்ணு, கூழில் என்ன கரைத்தேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், என்னைத் திட்டிவிட்டாவது அந்த டப்பாவை மலைக்கு எடுத்துப் போயிருப்பாயா?