வெள்ளவத்தை வீட்டை நான் காப்பாற்றிய விதம்

தேக்குக்குக் கடற்காற்று ஒன்றும் செய்யாது, சேர். ஆணிதான் துருப்பிடிக்கும். வெள்ளவத்தையில் கடலோரம் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

எங்கள் வீட்டை வாப்பாவின் வாப்பா 1911இல் கட்டினார். கூடத்து ஜன்னல்களில் நீலமும் சிவப்புமாகக் கண்ணாடி. பிற்பகலில் தரையெல்லாம் நிறம் விழும். எங்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அதனால் அது என் தங்கை ஸீனத்தின் பெயருக்குப் போனது. நான் குறை சொன்னதில்லை. அவள் கணவர் மௌத்தான பிறகு நாங்கள் இருவரும்தான் அங்கே இருந்தோம். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை.

அவளுக்கு முழங்கால் வருத்தம். படுக்கையறையோ மேலே.

"நானா, எனக்கு இந்தப் படி ஏறி எறங்கேலா. கட்டடக் கொம்பனிக்காரங்க இடிச்சிக் கட்டட்டும். லிப்ட் உள்ள வீடொண்டு தாராங்க. நீங்களும் என்னோட வாங்க" என்றாள்.

நியாயமான பேச்சு. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் திணைக்களத்துக்கு நான் எழுதிய கடிதங்களுக்கு அதுவரை பதில் இல்லை. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு லோயர் பத்திரம் கொண்டுவர, அவள் கையெழுத்து வைப்பதாக இருந்தது.

ஞாயிறன்று அவள் தூங்கிய நேரம் பார்த்து தேக்குப் படிக்கட்டின் மேல் படியில் ஆணிகளைப் பிடுங்கினேன். தச்சர் வரதராசா துளைகளைப் பார்த்துவிட்டு, ஆணிகள் துருப்பிடித்து விழவில்லை என்று பொலிஸில் உங்களிடம் சொன்னது சரி. புதிய ஆணிகள் வாங்கித்தான் வைத்திருந்தேன். அடிக்கவில்லை.

திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கீழே நின்று, "லோயர் வந்திட்டார், எறங்கி வா புள்ள" என்று கூப்பிட்டேன். லோயர் வந்திருக்கவில்லை.

விழுந்த பிறகும் அவளுக்குப் பேச்சு இருந்தது. "நானா, நானா" என்றாள், மெதுவாக. நான் லோயருக்குப் போன் எடுத்து, தங்கைக்குச் சுகமில்லை, இன்றைக்கு வர வேண்டாம் என்றேன். அது பொய்யில்லை. பிறகு ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தேன். நண்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது கூப்பிடுவது நின்றிருந்தது. அதற்குப் பிறகுதான் அம்புலன்ஸுக்குச் சொன்னேன். அடுத்த நாள் அவளை அடக்கம் செய்தோம்.

மூன்று மாதம் கழித்து, வீட்டை இடிக்கக் கூடாது என்று திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது.

இப்போதும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் இறங்குகிறாள். ஒரு காலை வைத்து, நின்று, மற்றக் காலை வைத்து. மேல் படிக்கு வரதராசா புதுப் பலகை போட்டும் அதில் கொஞ்சம் தயங்குகிறாள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை, பயத்தால் அல்ல. அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

நீங்களே யோசித்துப் பாருங்கள், சேர். அன்றைக்கு இடித்திருந்தால், பாவம், அவள் வந்து போக எங்கே ஓர் இடம் இருந்திருக்கும்?