பூவனலிங்கம் ஐயாவும் பட்டினித் துண்டும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. நேற்று இதை எழுத உட்கார்ந்தபோதுகூட, எழுதுவதற்கு நான் யார் என்றுதான் தோன்றியது. எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் யாரும் தாளைப் பார்க்கவில்லை. நான் பார்த்துத்தான் வாசிக்கப் போகிறேன். தாளில் இருந்து கண்ணை எடுத்தால் அழுதுவிடுவேன். இன்றைக்கு நான் அழுவதற்காக எழுந்திருக்கவில்லை.

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் ஐயா வன்னியபெருமாள் அவர்களே, நம் அழைப்பை ஏற்று இவ்வளவு தூரம் வந்திருக்கும் துறையின் மேலதிகாரி ஐயா அவர்களே, நாகலாபுரத்தில் இருந்தும் சுற்று ஊர்களில் இருந்தும் விதைப்புக்கு முந்திய இத்தனை வேலைகளுக்கு நடுவில் வந்திருக்கும் சம்சாரிகளே, இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நிற்கும் என் அக்காமாரே, முன் வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும், பூவனலிங்கம் ஐயாவின் துணைவியார் கோமதியம்மா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் அழகுத்தாய். நம் மானாவாரிச் சோதனைப் பண்ணையில் தற்காலிக ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். என் அம்மா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டிப் படிக்கவைத்த பிள்ளை நான். பண்ணையின் ஆராய்ச்சி அலுவலர் பூவனலிங்கம் ஐயாவோடு மூன்று பருவம் வேலை பார்த்திருக்கிறேன். சோதனைக்கு இன்னும் மூன்று பருவம் பணம் கொடுங்கள் என்று கேட்கத்தான் ஐயா மெட்ராசுக்குப் போனார். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், சாத்தூர் வருவதற்கு முன்னால் நெஞ்சு வலித்தது. நம் பஸ் நிலையத்தில் அவரை இறக்கியபோது அவர் கால் செருப்பில் நம் கரிசல் மண் காய்ந்து ஒட்டி இருந்தது. மெட்ராஸ் வரை போய், மெட்ராசில் நடந்து, திரும்பி வந்த மண்!

செருப்பு என்றதும் இங்கே சிலர் முகத்தில் சிரிப்பு வருவதைப் பார்க்கிறேன். சிரியுங்கள். ஐயாவை நினைத்தால் முதலில் அதுதானே நினைவுக்கு வருகிறது?

வெளியூரில் இருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பண்ணையில் அருகருகே நான்கு துண்டு நிலம். நான்கிலும் ஒரே விதை, ஒரே சோளம், ஒரே மழை. ஒன்றுக்கு ஆட்டுக்கிடை எரு மட்டும். ஒன்றுக்குக் கடையில் வாங்கும் மூட்டை உரம் மட்டும். மூன்றாவதற்கு இரண்டிலும் பாதிப் பாதி. நான்காவதற்கு எதுவுமே கிடையாது. ஒரு கூடை எரு கிடையாது, ஒரு பிடி உரம் கிடையாது. ஊரில் அதற்குப் பட்டினித் துண்டு என்று பெயர். பத்துப் பருவம் இப்படியே நடத்தினால், எந்த நிலம் தாங்குகிறது, எந்த நிலம் தளர்கிறது என்று சொல்லிவிடலாம். ஏழு பருவம் முடிந்திருக்கிறது.

ஐயா ஒரு துண்டில் இருந்து இன்னொரு துண்டுக்குப் போகும் முன் நின்று, ஒரு குச்சியை எடுத்து, செருப்பில் ஒட்டிய மண்ணை எல்லாம் சுரண்டிவிட்டுத்தான் காலை வைப்பார். மழை பெய்தால் கரிசல் எப்படி ஒட்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு கால் செருப்பும் ஒரு செங்கல் கனம் இருக்கும். அதையும் சுரண்டுவார். எருத் துண்டின் மண் பட்டினித் துண்டுக்குப் போய்விடக் கூடாதாம்!

களை வெட்ட வரும் சந்தனமாரி அக்கா இங்கேதான் நிற்கிறார்கள். அவர்கள் சத்தம் போட்டே சொல்வார்கள்: “ஏட்டி அழகுத்தாய், ஒங்க ஆபீசரு செருப்பைச் செரைச்சு முடிக்கதுக்குள்ள களை எம் முழங்கால் ஒசரம் வளந்துரும் போலுக்கே!” ஐயாவுக்கும் அது கேட்கும். “சந்தனமாரி, நீயும் காலைக் கழுவிட்டு எறங்கு. ஒங்காலு என்ன தங்கமா?” என்பார். “எங்காலு தங்கமா இருந்தா ஒம்ம காட்டுல எதுக்குய்யா களை வெட்டுதேன்?” என்று பதில் வரும். இப்படித்தான் எங்கள் காலைப்பொழுது போகும்.

சோதனையின் முதல் வருடம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. கிடை போடும் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சிதான் தன் வாயால் எனக்குச் சொன்னார். அந்தக் கோடையில் எருத் துண்டில் ஆடு அடைக்க வந்தவர், பக்கத்தில் கிடந்த பட்டினித் துண்டைப் பார்த்தார். அவர் மனசு பொறுக்கவில்லை. யாரிடமும் கேட்காமல், கூலியும் எதிர்பார்க்காமல், இரண்டு ராத்திரி அதில் கிடை போட்டுவிட்டார். காலையில் வந்த ஐயா, புழுக்கையைப் பார்த்ததும் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாராம்.

“என்ன அண்ணாச்சி இப்படிச் செஞ்சிட்டீய?”

“என்னய்யா செஞ்சுட்டேன்? மூணு துண்டுக்குச் சோறு போடுதீய, இது என்ன பாவம் பண்ணுச்சு? சர்க்கார் நெலம்னா அதுக்கு வயிறு இல்லையா? பந்தியில மூணு பேருக்கு எலை போட்டு நாலாவது ஆளை நிக்க வச்சா, பாக்குதவனுக்குச் சோறு எறங்குமாய்யா?”

ஐயா அவரையும் வரப்பில் பக்கத்தில் உட்காரவைத்தாராம். பிறகு சொன்னாராம்: “நாலாவது ஆளு சும்மா நிக்கதாலதான் அண்ணாச்சி, மத்த மூணு பேரு சாப்பிட்டது ஒடம்புல ஒட்டுச்சா இல்லையான்னு தெரியும்.”

அந்த வருடம் அதோடு போயிற்று. அடுத்த வயலில் முதலில் இருந்து தொடங்கினார். மேலிடத்துக்கு அதை மறைத்தாரா? இல்லை. ஆட்டுப் புழுக்கையால் ஒரு வருடம் வீணானது என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி மேல் கோபப்பட்டாரா? அதுவும் இல்லை. பட்டினித் துண்டுக்குக் காவலே அவர்தான் என்று ஆக்கிவிட்டார். அன்றிலிருந்து எந்த ஊர் ஆடு அந்தப் பக்கம் தலையை நீட்டினாலும் அண்ணாச்சியின் கம்பு முன்னால் நிற்கிறது.

போன வருடம் மழை பொய்த்ததே, மறந்துவிட்டோமா? கண்மாயில் பிள்ளைகள் பந்து விளையாடிய வருடம். அந்த வருடம்தான் பண்ணையைப் பார்வையிட ஒரு குழு வந்தது. தொடர்ந்து பணம் கொடுப்பதா நிறுத்துவதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தில் ஒருவர் யோசனை சொன்னார்: ரோட்டோரத்து வரிசைகளுக்கு மட்டும் டேங்கர் தண்ணீர் ஊற்றிவிடுவோம், கார் வந்து நிற்கும் இடம் பச்சையாகத் தெரிந்தால் போதும் என்று. டிராக்டர் வேல்சாமி அண்ணாச்சி டேங்கரையே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

“வேல்சாமி, இது என்ன பண்ணை?” என்று கேட்டார் ஐயா.

“மானாவாரிப் பண்ணைய்யா.”

“மானாவாரின்னா என்ன?”

“வானம் பாத்து வெளையுதது.”

“வானத்துல ஒம்ம டேங்கரு தெரியுதா? ஓட்டிட்டுப் போம். ஊருக்குள்ள கொடத்தைத் தூக்கிட்டு நிக்காவ பொம்பளையாளு.”

அந்தத் தண்ணீர் நம் தெருவுக்குத்தான் வந்தது. நம் குடத்தில்தான் நிறைந்தது. வரிசையில் நின்று பிடித்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள்.

மறுநாள் குழு வந்தது. காய்ந்த நிலத்தைப் பார்த்து, “இதில் பார்க்க என்ன இருக்கிறது?” என்று ஒருவர் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். ஐயா சொன்னார்: “இதைத்தான்யா பாக்கணும்.” மூட்டை உரத் துண்டில் பயிர் கருகிக் கிடந்தது. எருத் துண்டில் மட்டும், சின்னதுதான், கைக்குள் அடங்கும் கதிர்தான், ஆனாலும் நின்றது. மாட்டுக்குத் தீனித் தட்டையும் ஆயிற்று. நல்ல மழை பெய்த வருடங்களில் மூட்டை உரத் துண்டுதான் அதிகம் விளைந்தது. அதையும் ஐயா மறைக்கவில்லை. எந்த வருடம் எது தாங்கும், எந்த எருவை மண் எத்தனை நாள் வைத்திருக்கும் என்று முடிவாகச் சொல்ல இன்னும் மூன்று பருவம் வேண்டும் என்றுதான் கேட்டார். வந்தவர்களுக்கு நேரமில்லை. கார் உறுமிக்கொண்டு நின்றது. விளைச்சல் இல்லாத பண்ணை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

விளைச்சல் இல்லாத வருடம் ஒரு வருடம் இல்லையா? அந்த வருடமும் நாம் உயிரோடுதானே இருந்தோம்? அந்த வருடமும் நமக்குப் பசித்ததே! மழை பெய்த வருடத்தை மட்டும் கணக்கில் எடுக்கும் ஆராய்ச்சி, இந்தக் கரிசல் காட்டுக்கு எதற்கு?

மேலதிகாரி ஐயா அவர்களே, கொஞ்ச நேரத்துக்கு முன் நீங்கள் பேசும்போது, பூவனலிங்கத்தின் பணி நம் நெஞ்சில் என்றும் நிலைத்திருக்கும் என்று சொன்னீர்கள். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் நெஞ்சில் சோளம் விளையாது ஐயா. அதற்கு நிலம் வேண்டும். பண்ணை வாசலில் அவர் பெயரில் நினைவுத் தூண் கட்டலாம் என்றும் சொன்னீர்கள். தூண் கட்டப் பணம் இருக்கிறது, அவர் கேட்ட மூன்று பருவத்துக்குப் பணம் இல்லையா?

நான் படித்தவரை எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தவறாக இருந்தால் திருத்துங்கள். உரம் விற்கும் கம்பெனி ஒரு பருவம் சோதனை போட்டுக் காட்டும். பத்துப் பருவம் காத்திருக்குமா? தன் உரம் இல்லாமலே விளையுமா என்று அது எதற்குப் பார்க்க வேண்டும்? சரி, சம்சாரி செய்வானா? பெற்ற பிள்ளை மாதிரி நிலத்தை வைத்திருப்பவனுக்கு, அதில் ஒரு துண்டை மட்டும் பத்து வருடம் பட்டினி போட மனசு வருமா? வராது. அதற்குச் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சியே சாட்சி. அப்படியானால் யார் செய்வது? யாருக்கும் லாபம் இல்லாத, எல்லோருக்கும் தேவையான ஒரு வேலையைச் செய்யத்தானே அரசாங்கம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம்?

இது நாங்கள் கேட்கும் பிச்சை இல்லை. என் அம்மா ஒட்டும் ஒவ்வொரு தீப்பெட்டியிலும் வரிச்சீட்டு இருக்கிறது. அந்த வரி தண்ணீர் பாயும் ஊர்களுக்கு மட்டும்தானா போக வேண்டும்? ஆறு ஓடும் ஊர் நெல்லுக்கு ஆராய்ச்சி உண்டு, வானம் பார்த்த சோளத்துக்குக் கிடையாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

ஆகவே எல்லோர் முன்னிலும் சொல்லிவிடுகிறேன். புரட்டாசியில் மழைக்கு முந்தி நாங்கள் விதைப்போம். பணம் வந்தாலும் விதைப்போம், வராவிட்டாலும் விதைப்போம். பண்ணைக்குப் பஞ்சாயத்து கொடுத்த நிலத்தைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று தலைவர் ஐயா வாக்குக் கொடுத்திருக்கிறார். களை வெட்ட வருவோம் என்று அக்காமார் சொல்லிவிட்டார்கள். சந்தனமாரி அக்கா காலைக் கழுவிவிட்டு இறங்குவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். என் வேலை இருந்தாலும் போனாலும் பத்தாவது பருவத்துக் கதிரை அறுத்து நிறுத்துப் பார்க்காமல் நான் இந்த ஊரை விட்டுப் போவதாக இல்லை. ஆனால் நாங்கள் கூலி இல்லாமல் செய்கிறோம் என்பதற்காக அரசாங்கத்தின் கடமை தீர்ந்துவிடாது. ஒவ்வொரு பருவமும் உங்கள் வாசலுக்கு வந்து கேட்போம். ஐயா பஸ்ஸில் தனியாக வந்தார். நாங்கள் பஸ் நிறைய வருவோம்!

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் எதற்காக மேடை ஏறினேனோ அதை இன்னும் சொல்லவில்லை. கடைசி வரை தள்ளித் தள்ளி வைத்துவிட்டேன்.

கோமதியம்மா, இது உங்களுக்கு.

கடலில் கரைத்ததுபோக ஐயாவின் சாம்பலில் கொஞ்சம் ஒரு கலயத்தில் வைத்திருக்கிறீர்கள். நேற்று சங்கிலிப்பாண்டி அண்ணாச்சியைக் கூப்பிட்டு, “சாவுத வரைக்கும் அவிய நெனப்பெல்லாம் அந்தத் துண்டுலதான் கெடந்துச்சு. ஒரு பிடி அங்கன தூவிருங்க. அதுவும் எத்தனை வருசமாப் பசியாக் கெடக்கு” என்று சொன்னீர்கள். அவர் சரி என்றும் சொல்ல முடியாமல் மாட்டேன் என்றும் சொல்ல முடியாமல் நேரே என்னிடம் வந்தார். “தாயி, அந்தம்மாட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? நீ படிச்ச பிள்ளை, நீயே சொல்லிரு” என்று அழுதார்.

எனக்கும் சொல்லத் தெரியவில்லை அம்மா. அதனால்தான் எழுதிக்கொண்டு வந்தேன். சாம்பலும் உரம்தான். செருப்பில் ஒட்டிய மண்ணைக்கூட உள்ளே விடாத மனிதர் அவர். பணம் நின்றால் போராடி வாங்கலாம். அந்தத் துண்டு கெட்டால் அவருடைய ஏழு பருவமும் திரும்பி வராது.

நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் ஒரு வேம்பு நிற்கிறதே, அதன் அடிமூட்டில்தான் அவர் செருப்பைச் சுரண்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார். நேற்று நான் போய்த் தண்ணீர் ஓடும் வாட்டம் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே விழும் மழைத் தண்ணீர் நிலத்துக்குள் வராது, ஓடைக்குத்தான் போகும். நாம் எல்லோரும் சேர்ந்து போவோம். உங்கள் கையாலேயே அங்கே தூவுங்கள்.

அந்தத் துண்டில் மட்டும் வேண்டாம் அம்மா. அது இன்னும் மூன்று பருவம் பசித்துக் கிடக்கட்டும்.