அஞ்சாம் நம்பர்

— கையைத் தூக்குங்க. இப்படி முறுக்கிக்கிட்டு நின்னா நான் எப்படி பட்டன் போடறது?

— பட்டன் கிடக்கட்டும். நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா? பையன் வந்ததும் இன்னிக்கு அவன்கிட்ட சொல்லிடப் போறேன்.

— விழுந்துச்சு, விழுந்துச்சு. முதல்ல டீயைக் குடிங்க.

— டீ எங்க?

— ஜன்னல்ல. உங்க முழங்கைக்குப் பக்கத்துலயே இருக்கு.

— பேச்சை மாத்தாதே. நாளைக்கு அவனுக்கு முதல் மேட்ச். அதுவும் நாட்டுக்காக. எந்த இடத்துல ஆடப் போறான்?

— நடு டிஃபென்ஸ்ல.

— என் இடம். முதுகுல என்ன நம்பர்?

— அஞ்சு. உங்க நம்பர்தான், ஒத்துக்கிட்டேன். பேப்பர்ல கூட உங்க பட்டப்பேரை வச்சுப் போட்டிருக்கான், "சுவரோட பையன்"னு. நல்லவேளை, குட்டிச்சுவர்னு போடாம விட்டான்.

— உனக்குச் சிரிப்பா இருக்கு. எனக்கு அதைக் கேட்டாலே பயமா இருக்கு. டாக்டர் கம்ப்யூட்டர்ல என் மண்டையைக் காட்டினாரே, பாத்தே இல்ல? மூளை அங்கங்க சுருங்கிப் போயிருக்குன்னாரு. எப்பலேர்ந்து பந்தைத் தலையால அடிக்கறீங்கன்னு கேட்டாரு. நான் என்ன சொன்னேன்?

— மீசை முளைக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்துன்னு சொன்னீங்க. அவரு சிரிக்கவே இல்லை.

— சிரிக்க என்ன இருக்கு? அந்தக் காலத்துப் பந்து மழையில நனைஞ்சா செங்கல்லு. அது வானத்துலேர்ந்து இறங்கும்போது நமக்கே தெரியும், இது வலிக்கப் போகுதுன்னு. ஆனா வெளிய நின்னு எங்க கோச் கத்துவாரு பாரு, "யோசிக்காதே, தலையைக் குடு!" அவ்வளவுதான். குடுத்துடுவேன். அந்த வார்த்தையை என் பையன் காதுல எவன் சொன்னாலும் அவன் வாயைத் தைச்சுடுவேன்.

— தைக்கலாம், தைக்கலாம். காலர் மடங்கியிருக்கு, இப்படித் திரும்புங்க.

— வெளிநாட்டுல ஒரு மேட்ச். எதிர் டீம் நெட்டையன் ஒருத்தன் மண்டையும் என் மண்டையும் மோதி, நான் கட்டை மாதிரி விழுந்தேனே...

— டீம் டாக்டர் ஓடி வந்து ஸ்கோர் என்னன்னு கேட்டாரு.

— ஆமா. சரியாச் சொன்னாத்தான் ஆட விடுவாரு. எனக்கோ நான் எந்த நாட்டுல படுத்திருக்கேன்னே தெரியலை. அப்பப் பார்த்து நம்ம கோல்கீப்பர் பய...

— பக்கத்துல உக்காந்து ஷூ லேஸ் கட்டினான்.

— லேஸ் கட்டற சாக்குல ஸ்கோரை என் காதுல ஓதினான்! நான் அப்படியே ஒப்பிச்சேன். டாக்டர் முதுகுல தட்டி, ஆடுன்னுட்டுப் போயிட்டாரு. எங்க டீம்ல அது வழக்கம். எவனுக்கு அடிபட்டாலும் பக்கத்துல ஒருத்தன் லேஸ் கட்டுவான். பெரிய சாமர்த்தியம்னு நெனச்சோம். பாவி, அன்னிக்கு அவன் சும்மா இருந்திருந்தா என்னை வெளிய உக்கார வச்சிருப்பாங்க.

— அவன் நல்லது பண்றதா நெனச்சான். விடுங்க.

— நீயும் அதையேதான் பண்றே.

— நானா?

— வீட்டுக்கு யாராவது வந்தா, பின்னாடி நின்னு அவங்க பேரை என் காதுல சொல்றியே. தெரியாதுன்னு நெனச்சியா?

— ...நான் பண்ணது அது மட்டுமாங்க? கல்யாணமான புதுசுல அந்த மாடி வீட்டு பால்கனியில நின்னு பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது யாரு? நீங்க கீழ தெருவுல நின்னு ஒவ்வொண்ணையும் தலையாலயே எனக்குத் திருப்பி அனுப்புவீங்க. இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு நான்தான் சிரிச்சுக்கிட்டே போடுவேன். இப்ப நெனச்சா கை கூசுது. கை வலிக்குதுன்னு ஒரு நாளாவது உள்ள போயிருக்கலாம்.

— சும்மா இரு. என் வாழ்க்கையிலயே நல்ல சாயங்காலம்னா அதுதான்.

— அதனாலதாங்க ரொம்ப வலிக்குது.

— இங்க வா. அழாதே. என் சட்டைக்குப் பட்டன் போட்டுட்டு அதுலயே மூக்கைத் துடைக்காதே.

— இன்னிக்குச் சொல்ல வேண்டாங்க. சாயங்காலம் பிளேன் ஏறப் போறவன். ஆடிட்டு வரட்டும்.

— அதுக்குள்ள நான் மறந்துட்டா? சில நாள் காலையில எழுந்ததும் கேம்ப்புக்கு லேட்டாச்சுன்னு பூட்ஸைத் தேடறேனாமே. நீயே சொன்னே. அந்த நாள்ல எனக்கு இந்த நோவும் ஞாபகம் இருக்காது, பயமும் இருக்காது. பயம் இருக்கும்போதே சொல்லணும்.

— சொன்னா மட்டும் கேப்பானா? உங்கப்பா சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா?

— மாட்டேன். சரிப்பான்னு நல்ல பிள்ளையா தலையாட்டிட்டு, கொல்லைப்பக்கமா கிரவுண்டுக்கு ஓடியிருப்பேன். ஆனா எங்கப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் என்ன அப்பன்?

— கேட் சத்தம் கேக்குது. வந்துட்டான்.

— அப்பா! என்ன, இஸ்திரி போட்ட சட்டையெல்லாம்? பொண்ணு பாக்கக் கிளம்பிட்டீங்களா?

— பையைக் கீழ வச்சுட்டு உக்காருடா. உங்கம்மாவும் இருக்கட்டும். நான் சொல்றதைக் கேட்டு கோவப்படக் கூடாது.

— சொல்லுங்கப்பா.

— நீ ஆட வேண்டாம். நாளைக்கும் வேண்டாம், அப்புறமும் வேண்டாம். என் தலை கெட்டுப் போச்சுடா. நேத்து உங்கம்மா பேரு எனக்கு வரலை. குழாயைத் திறந்துட்டு, எதுக்குத் திறந்தேன்னு தண்ணியையே பாத்துக்கிட்டு நிக்கறேன். இன்னும் கொஞ்ச நாள்ல உன் முகமும் போயிடும். எனக்கு ஆனது ஆச்சு. உனக்கு ஒரு பிள்ளை பொறந்து, அது பேரு உனக்கு மறந்துடக் கூடாதுடா.

— சரிப்பா.

— என்ன சரி? முழுசாச் சொல்லு.

— ஆடலை. விட்டுடறேன்.

— கையைக் குடு. தலை மேல சத்தியமெல்லாம் வேண்டாம், அது ஏற்கனவே வாங்கினது போதும். கையை இறுக்கிப் பிடி. ம்... அப்பாடா! ஒரு பாறாங்கல்லை இறக்கி வச்ச மாதிரி இருக்கு. பாரு, கெழவன் மாதிரி அழுதுட்டேன். இரு, முகம் கழுவிட்டு வர்றேன்.

— படி இருக்கு, பாத்துங்க. சோப்பு எடுத்தா மூடி வைங்க.

— சரிம்மா, சரிம்மா.

— ...கதவைச் சாத்திட்டாரு. டேய், உனக்கு நெஞ்சு கல்லா? போன மாசம் இதையேதான் சொன்னாரு. கையடிச்சுக் குடுத்துட்டு நேரா கேம்ப்புக்குப் போனே. முந்தாநேத்து ஃபோன்ல சொன்னாரு, அதுக்கும் சரிப்பான்னே. மறந்துட்டு மறந்துட்டு மறுபடியும் முதல்லேர்ந்து உனக்காகப் பயப்படறாரு. ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்கற மாதிரி நின்னு நின்னு என்னால முடியலைடா.

— இந்தத் தடவை பொய் சொல்லலைம்மா.

— என்னது?

— போன வாரம் பயிற்சி மேட்ச்ல ஒருத்தனோட மோதிட்டேன். கண் முழிச்சா டாக்டர் என் மேல குனிஞ்சு ஸ்கோர் கேக்கறாரு. எனக்கு ஒண்ணுமே வரலை.

— ஐயோ! அப்புறம்?

— அப்புறம் என்ன? பக்கத்துல ஒருத்தன் உக்காந்து லேஸ் கட்டினான்.

— பாவி மகனே, ஏன்டா என்கிட்ட சொல்லலை?

— சொன்னா நீ போக விட மாட்டேன்னுதான். அந்த அஞ்சாம் நம்பர் சட்டையைப் போட்டுக்கிட்டு அப்பா முன்னாடி ஒரு தடவை நிக்கணும்னு ஆசைம்மா. சின்ன வயசுலேர்ந்து அது ஒண்ணுதான். ஆனா இப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு அப்பாடான்னாரே... அதை ஏமாத்திட்டு எந்த மூஞ்சியோட பிளேன் ஏறறது? போதும். ஃபோனைக் குடு, கோச்கிட்ட சொல்லிடறேன்.

— நிஜமாவா?

— நிஜமா. நீ பக்கத்துலயே நில்லு. இல்லைன்னா கோச் குரலைக் கேட்டதும் மாத்திப் பேசிடுவேன்.

— இந்தா, இங்கயேதான் நிக்கறேன். போடு ராஜா, போடு.

— ரிங் போகுது.

— உங்கப்பாவும் வந்துட்டாரு. நல்லா சத்தமாச் சொல்லு, அவரு காது குளிரக் கேக்கட்டும்.

— அடடே! எப்படா வந்தே? ஏம்மா, பையன் வந்து நிக்கறான், எனக்கு ஒரு குரல் குடுக்கக் கூடாதா? டேய், நாளைக்கு முதல் மேட்ச், அஞ்சாம் நம்பர், என் நம்பர்! நான் டிவி முன்னாடியேதான் உக்காந்திருப்பேன். கார்னர் வந்தா பயப்படாதே ராஜா. யோசிக்காதே, தலையைக் குடு!