ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை விறகு

யாராவது கேட்டால் எண்ணெய் அடுப்பையே வாங்கச் சொல்வேன், ஐயா. மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்ச அதைப்போல வசதி வேறு இல்லை. ஒரு பொத்தானைத் தட்டினால் தீ அணைந்துவிடும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். நீங்கள் எழுதிக்கொள்வதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எது நல்லதென்று தெரியாமல் நான் விறகு அடுப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை.

போன அக்டோபரில் எங்கள் பழைய அடுப்பு இற்றுப்போனது. நானும் என் கணவர் நோர்மானும் புதியது பார்க்கக் கடைக்குப் போனோம். அவருக்கு அறுபத்தெட்டு வயது. எண்ணெய் அடுப்பின் மேல்தான் கண். கடைக்காரர் ஃபெக்தோவும் அதற்கே பரிந்து பேசினார். நான் விறகு அடுப்பைக் காட்டினேன்.

"நாலடிக்குப் பன்னெண்டடி, ராட்சசன்மா அது. ஏழு நிமிஷத்துக்கு ஒருக்கா விறகு போடணும். பக்கத்துல ஆள் இல்லேன்னா கொப்பரை கருகிடும். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு?"

"விறகுல காய்ச்சினாத்தான் பாகுக்கு ருசி," என்றேன்.

ஃபெக்தோ சிரித்தார். "நாப்பது வருஷமா அடுப்பு விக்கிறேன். ருசி சாத்துல இருக்கும்மா, விறகுல இல்ல."

"விடுய்யா," என்றார் நோர்மான். "குதிரையே வண்டி கேக்குது. பூட்டி விட்டுட்டுப் போ."

அந்த அடுப்பை நடத்துவது கடினமில்லை, கவனம்தான் வேண்டும். பின்னாலிருக்கும் தொட்டியிலிருந்து சாறு தானாக இறங்கி, கொப்பரையின் தடுப்புகளுக்குள் வளைந்து வளைந்து முன்னால் வரும்; வர வரக் கெட்டிப்படும். விறகை மெல்லிசாகப் பிளந்திருக்க வேண்டும். கதவைத் திறந்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, உடனே சாத்திவிட வேண்டும். நுரை பொங்கினால் துளி வெண்ணெய். கரண்டியிலிருந்து பாகு சொட்டாமல் ஏடாக வழியும்போது குழாயைத் திறக்க வேண்டும். தீ எரியும்போது யாரும் கொப்பரையை விட்டு நகரக் கூடாது. அது நோர்மான் போட்ட சட்டம். நான் அதை மீறியதில்லை.

எங்களுக்கு மிரேய் என்று ஒரு மகள் இருந்தாள். ஒன்பது வயதில், இதே போன்ற ஒரு மார்ச் மாதத்தில், காய்ச்சும் கொட்டகையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். பெஞ்சில் படுக்க வைத்தேன்.

"நோர்மான், புள்ள துடிக்கிறா. வண்டியை எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"கொப்பரை கொதிக்குது. எப்படி விட்டுட்டு வர்றது? தொட்டி தீரட்டும். முட்டையும் பன்னிக்கறியும் அளவில்லாம தின்னிருப்பா, வேறென்ன?"

தொட்டி தீரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கியூபெக் நகர ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, குடல்வால் வெடித்து வெகுநேரமாகிவிட்டது என்றார் டாக்டர். எனக்கு அப்போது வண்டி ஓட்டத் தெரியாது. அடுத்த மாதமே கற்றுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு முப்பத்தோரு வருடம் நாங்கள் ஒன்றாகத்தான் வாழ்ந்தோம். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. அவருடைய சட்டைகளை நான்தான் இஸ்திரி போட்டேன்.

நீங்கள் விசாரிக்கும் அந்த நாளில், நோர்மான் பகல் பட்டாணி சூப் குடித்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் பட்டுப்போன ஒரு மரத்தை வெட்டப் போனார். இருநூறு அடி தூரம்கூட இருக்காது. ரம்ப மிஷினின் இரைச்சல் கேட்டது. பிறகு மரம் முறியும் ஓசை. பிறகு மிஷின் நின்றுவிட்டது.

"யுகெட், எங்க தொலைஞ்ச? மரம் கால் மேல விழுந்துடுச்சு. கடப்பாரையை எடுத்துட்டு ஓடியா."

கதவைத் திறந்து நின்று சொன்னேன்: "கொப்பரை கொதிக்குது, நோர்மான். எப்படி விட்டுட்டு வர்றது? தொட்டி தீரட்டும்."

கொஞ்ச நேரம் காட்டில் சத்தமே இல்லை. அந்த வார்த்தைகள் அவருக்கும் நினைவிருந்தன என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு திட்டினார். எங்கள் பக்கத்து வசவெல்லாம் கோவில் பொருள்கள்தானே; பலிபீடம், திருக்கிண்ணம் என்று ஒன்றையும் விடவில்லை. பிறகு கெஞ்சினார். நான் விறகு போட்டேன். முதலில் ஒரு விறகுக்கும் அடுத்த விறகுக்கும் நடுவே ஐந்தாறு முறை கூப்பிட்டார். பிறகு இரண்டு முறை. நான்கு மணி இருக்கும், என் பெயரை விட்டுவிட்டார்.

"மிரேய்," என்றார். "அம்மாவைக் கூப்பிடு, கண்ணு."

நான் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும், ஆனாலும் பார்த்தேன். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை. இப்போதும் ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை என் கை தானாக எழுகிறது. இங்கே உட்கார்ந்ததிலிருந்து நீங்களே கவனித்திருப்பீர்கள்.

பாகு காய்ச்சுகிறவர்கள் யாரும் என்னைக் குற்றம் சொல்லமாட்டார்கள். கூரையிலிருந்து ஆவி இருட்டும்வரை போய்க்கொண்டே இருந்ததாகப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மை. அப்படிக் கொதிக்கும் கொப்பரையை ஒருத்தி எப்படி விட்டுவிட்டுப் போவாள்?

அவ்வளவு நேரம் காய்ச்சியும் ஒரே ஒரு வாளிப் பாகுதானா என்று கேட்கிறீர்கள். சரியான கேள்விதான். அவர் முதல் தடவை கூப்பிடுவதற்கு முன்பே தொட்டி காலி, ஐயா. இருந்த பாகையும் வடித்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் காய்ச்சியது பனி. மண்வாரியை எடுத்துக்கொண்டு வெளியே போய் அள்ளி அள்ளித் தொட்டியில் கொட்டினேன். எத்தனை நடை என்று எண்ணவில்லை. பனி அள்ளிய இடத்திலிருந்து அவர் கையை ஆட்டுவது நன்றாகத் தெரிந்தது.